பேஸ்போல் தேசியக் குழாமை வாசிப்பது எப்படி? கிரிக்கெட் தெரிந்தவர்களுக்கு ஒரு செய்முறை விளக்கம்

கிரிக்கெட் குழாம் அறிவிக்கப்பட்டால் திருகோணமலையில் அதை வாசிக்கத் தெரியாத பிள்ளை இல்லை. யார் ஆரம்பத் துடுப்பாட்டக்காரர், எத்தனை சுழற்பந்து, யாரை ஏன் விட்டார்கள் என்று ஏகாம்பரம் மைதானத்து ஓரத்தில் நின்றபடியே பிரித்துச் சொல்லிவிடுவார்கள். அதே பிள்ளையிடம், நாடுகள் மோதும் உலக பேஸ்போல் கிளாசிக் போட்டிக்கான குழாம் ஒன்றைக் கொடுத்தால் 30 பெயர்கள்தான் தெரியும், ஆட்டம் தெரியாது. இலங்கையும் 2018 ஆசிய விளையாட்டுப் போட்டியில் பேஸ்போல் ஆடிய நாடு. எல்லே ஆடி வளர்ந்த நமக்கு, அடித்துவிட்டு ஓடும் ஆட்டம் அந்நியமும் இல்லை. ஆகவே இதைக் கற்றுக்கொள்வது கடினமல்ல.

உதாரணத்துக்கு 2023இல் கிண்ணம் வென்ற ஜப்பான் குழாமை எடுத்துக்கொள்வோம். ஒரு அப்பியாசக் கொப்பியும் பேனாவும் பக்கத்தில் இருக்கட்டும்.

படி 1: நான்கு கட்டம் போடுங்கள்

பட்டியலில் வீரர்கள் நான்கு வகையாகப் பிரிந்திருப்பார்கள். பந்து எறியும் பிட்சர், அவர் எறிவதைப் பிடிக்கும் கேட்சர், ஓடுபவர் தொட வேண்டிய தளங்களைச் சுற்றி நிற்கும் இன்ஃபீல்டர், தூரத்தில் நிற்கும் அவுட்ஃபீல்டர். ஜப்பானின் 30 பேரை இப்படிப் பிரித்தால் 15 பிட்சர், 3 கேட்சர், 7 இன்ஃபீல்டர், 5 அவுட்ஃபீல்டர் என்று வரும்.

அந்த 15ஐக் கோடிட்டு வையுங்கள். குழாமில் சரிபாதி! களத்தில் ஒரு நேரத்தில் நிற்பதோ ஒரேயொரு பிட்சர். 2023 போட்டி விதியே குறைந்தது 14 பிட்சர்களும் 2 கேட்சர்களும் வேண்டும் என்றது. கிரிக்கெட் கண்ணோடு பார்ப்பவர் முதலில் துடுப்பாட்டப் பெயர்களைத் தேடுவார். பேஸ்போல் குழாமைப் பிட்சரிலிருந்துதான் வாசிக்க வேண்டும். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மிச்சமெல்லாம் தானாக விளங்கும்.

படி 2: ஏன் இத்தனை பிட்சர்?

இந்தப் போட்டியில் ஒரு பிட்சர் ஒரு ஆட்டத்தில் எறியக்கூடிய பந்துகளுக்கு எல்லை உண்டு. 2023இல் முதல் சுற்றில் 65, காலிறுதியில் 80, அரையிறுதியிலும் இறுதியிலும் 95. எறிந்த பிறகு ஓய்வும் கட்டாயம்:

50 பந்துகளோ அதற்கு மேலோ எறிந்தால் 4 நாள் ஓய்வு.
30 பந்துகளோ அதற்கு மேலோ எறிந்தால் 1 நாள்.
அடுத்தடுத்து இரண்டு நாள் எறிந்தால், எத்தனை பந்தாக இருந்தாலும், 1 நாள்.

போட்டி நடந்த மார்ச் மாதம் என்பது இந்த வீரர்களின் கழகப் பருவம் தொடங்குவதற்கு முந்திய காலம். தோள் இன்னும் முழுச் சூடேறவில்லை. அதைக் காப்பாற்றத்தான் இந்த விதிகள். எனக்கு இந்தப் போட்டியில் மிகவும் பிடித்ததும் இதுதான். நாட்டுக்காக ஆடுகிறாய் என்று சொல்லி ஒரு இளைஞனின் கையை முறித்துவிடாமல், எழுத்தில் வரம்பு வைத்திருக்கிறார்கள். நம் பாடசாலைப் பயிற்றுநர்களும் கவனித்துப் பார்க்க வேண்டிய விதி.

படி 3: பெயர்களை நாட்காட்டியோடு பொருத்துங்கள்

கொப்பியில் ஆட்ட நாட்களை எழுதுங்கள். ஜப்பானின் முதல் சுற்று நான்கு ஆட்டங்களும் மார்ச் 9, 10, 11, 12 என்று ஒரு நாள்கூட இடைவெளி இல்லாமல் வந்தன. 9ஆம் திகதி 50 பந்துகளோ அதற்கு மேலோ எறிந்த ஒருவர் 14ஆம் திகதிதான் திரும்ப வரலாம். அப்படியானால் தொடக்க பிட்சர்கள் நான்கு பேர் வேண்டும். இப்போது பட்டியலைப் பாருங்கள்: 9ஆம் திகதி சீனாவுக்கு எதிராக ஷோஹே ஓதானி, 10 தென்கொரியாவுக்கு யூ தர்விஷ், 11 செக் குடியரசுக்கு ரோகி சசாகி, 12 அவுஸ்திரேலியாவுக்கு யோஷினோபு யமமோட்டோ. நான்கு நாள், நான்கு பெயர்.

ஒரு ஆட்டத்தின் ஒன்பது இன்னிங்ஸும் 65 பந்துகளில் முடியாது. அதனால் தொடக்க பிட்சருக்குப் பின் நீண்ட நேரம் எறிய இன்னொருவர் வேண்டும். சீனாவுக்கு எதிராக ஓதானிக்குப் பின் தொகோ வந்தார், கொரியாவுக்கு எதிராக தர்விஷுக்குப் பின் இமானகா வந்தார். கழகங்களில் இவர்களும் தொடக்க பிட்சர்கள்தான். இந்தச் சோடிகளைக் கொப்பியில் அம்புக்குறி போட்டு இணைத்துவிடுங்கள்.

பிறகு 16ஆம் திகதி காலிறுதி: ஓய்வு முடித்த ஓதானி திரும்ப வந்தார். 20ஆம் திகதி அரையிறுதி: சசாகி தொடங்க, யமமோட்டோ தொடர்ந்தார். மறுநாளே இறுதி. அதற்குத் தொடங்கியவர் இமானகா. தேதிகளைப் பக்கத்தில் வைத்து வாசித்தால் பயிற்றுநர் ஒரு மாதத்துக்கு முன்பே என்ன யோசித்திருக்கிறார் என்பது பட்டியலிலேயே தெரியும்.

படி 4: இடது, வலது

பெயருக்குப் பக்கத்தில் 'ஆர்', 'எல்' என்ற எழுத்துகள் இருக்கும். முதலாவது எந்தக் கையால் எறிவார், மற்றது எந்தப் பக்கம் நின்று அடிப்பார் என்பது. சில பட்டியல்களில் வரிசை மாறி வரும், தலைப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். 'எஸ்' என்றால் இரு பக்கமும் நின்று அடிப்பவர். ஜப்பானின் 15 பிட்சர்களில் மட்சுயி, இமானகா, மியாகி, கெய்ஜி தகஹாஷி ஆகிய நால்வர் இடதுகைக்காரர்.

படி 5: வாங்கில் இருப்பவர்களின் வேலையைக் கண்டுபிடியுங்கள்

பேஸ்போலில் ஒருவரை மாற்றி வெளியே எடுத்தால் அந்த ஆட்டத்தில் அவர் மீண்டும் உள்ளே வர முடியாது. ஆகவே வாங்கில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு தனி வேலை இருக்கும். மூன்று கேட்சர்கள் ஏன்? ஒருவரை மாற்றிய பிறகு மற்றவருக்குக் காயம் பட்டால் அந்த இடத்தில் நிற்கப் பழகியவர் வேண்டும்.

ஐந்து அவுட்ஃபீல்டர்களில் உக்யோ ஷூதோ என்ற பெயரைத் தேடுங்கள். அடிப்பதற்காக அல்ல, ஓடுவதற்காக எடுக்கப்பட்டவர். மெக்சிக்கோவுக்கு எதிரான அரையிறுதியில் கடைசி இன்னிங்ஸ். ஜப்பான் 4-5 என்று பின்னால் நிற்கிறது. பிட்சராக இருந்தும் அடிக்கவும் செய்யும் ஓதானி இரண்டாம் தளத்தில். முதலாம் தளத்தில் நின்ற யோஷிதாவை எடுத்துவிட்டு ஷூதோவை இறக்கினார்கள். அடுத்து முரகாமி அடித்த பந்து சுவர்ப்பக்கம் போக, முதலாம் தளத்திலிருந்து கிளம்பிய ஷூதோ முன்னால் ஓடிய ஓதானியை ஒட்டியபடி, ஓட்டம் முழுமையாகும் 'வீடு' என்ற கடைசித் தளத்துக்கு வந்து சேர்ந்தார். 6-5. ஒரு ஓட்டத்துக்காக ஒரு இடத்தை ஒதுக்கி வைத்தவர்களின் கணக்கு அன்று பலித்தது.

படி 6: இவர் எப்படி இந்த நாட்டுக்கு?

பட்டியலில் பிறந்த இடத்தையும் பாருங்கள். குடியுரிமை, நிரந்தர வதிவிடம், அந்த நாட்டில் பிறந்தது, தாயோ தந்தையோ அந்த நாட்டவராக இருப்பது என இவற்றில் ஒன்று இருந்தாலும் போதும். லார்ஸ் நூட்பார் கலிஃபோர்னியாவில் பிறந்தவர், தாய் ஜப்பானியர், அவர் ஜப்பானுக்கு ஆடினார். டொமி எட்மனின் தாய் சியோலில் பிறந்தவர், எட்மன் தென்கொரியாவுக்கு ஆடினார். உப்புவெளியில் பிறந்த தாய்க்கு டொரொண்டோவில் வளரும் பிள்ளைகள் உள்ள ஊர் நமது. இந்த விதியின் அருமை நமக்கு விளங்காமல் யாருக்கு விளங்கும்?

தொழிலையும் பாருங்கள். செக் குடியரசுக் குழாமில் பலர் வேறு வேலை செய்பவர்கள். ஓதானியை அடிக்கவிடாமல் ஆட்டமிழக்கச் செய்த ஒன்ட்ரெ சடோரியா மின்சாரத் தொழிலாளி. அவர்களின் பயிற்றுநர் பாவெல் ஹதிம் நரம்பியல் மருத்துவர்.

படி 7: திருத்தப்பட்ட பட்டியலா என்று பாருங்கள்

முதலில் அறிவித்த பட்டியல் அப்படியே நிற்காது. செய்யா சுசுகி காயத்தால் விலக, மகிஹாரா சேர்க்கப்பட்டார். கடைசித் திகதியிட்ட பட்டியலையே கொப்பியில் ஏற்றுங்கள். எண் 89 அணிந்த ஹிதெகி குரியாமாவை வீரர் என்று எழுதிவிடாதீர்கள். அவர் அப்போதைய பயிற்றுநர். பேஸ்போலில் பயிற்றுநரும் வீரர் உடையோடுதான் இருப்பார்.

படி 8: கொப்பியோடு ஆட்டம் பாருங்கள்

ஜப்பான் நேரம் நம்மைவிட மூன்றரை மணித்தியாலம் முந்தியது. தோக்கியோவில் இரவு 7 மணி ஆட்டம் நமக்குப் பிற்பகல் 3.30. மயாமியில் மார்ச் 21 இரவு 7 மணிக்குத் தொடங்கிய இறுதியாட்டம் நமக்கு 22ஆம் திகதி அதிகாலை 4.30.

அந்த ஆட்டத்தின் பதிவைப் பார்க்கக் கிடைத்தால், பிட்சர் மாறும் ஒவ்வொரு முறையும் பெயருக்கு நேரே ஒரு குறி போடுங்கள். இமானகா, தொகோ, ஹிரோதோ தகஹாஷி, இதோ, தைசெய், தர்விஷ், கடைசியாக ஓதானி. அமெரிக்காவை 3-2 என்று வெல்ல ஏழு பிட்சர்கள். முதல் சுற்றில் தொடங்கிய தர்விஷும் ஓதானியும் இங்கே எட்டாம், ஒன்பதாம் இன்னிங்ஸுக்கு வருவதைக் கவனியுங்கள். அவர்கள் எத்தனை நாள் ஓய்வில் இருந்தார்கள் என்பதைப் படி 3இல் எழுதிய திகதிகளை வைத்து நீங்களே கணக்கிடலாம். தர்விஷ் காலிறுதியிலும் எறிந்தார் என்பதை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்.