போஸ்ட்கிரெஸ் ஹெடர்களைத் தனி பேக்கேஜாகக் கட்டுவது எப்படி?

போஸ்ட்கிரெஸ்கியூஎல் டேட்டாபேஸைக் கம்பைல் செய்து 'மேக் இன்ஸ்டால்' கொடுத்தால் சர்வரோடு, அதற்குப் புரோகிராம் எழுதுபவர்களுக்கான ஹெடர் கோப்புகளும் மொத்தமாக வந்து இறங்கிவிடும். அத்தனையையும் ஒரே டெவ் (டெவலப்மென்ட்) பேக்கேஜில் அள்ளிப் போட்டுவிடலாம் என்று தோன்றும். போடாதீர்கள். இவற்றைத் தேடி வருபவர்கள் இரண்டு வகை.

டேட்டாபேஸோடு பேசும் புரோகிராம் எழுதுபவருக்கு, சர்வரோடு பேசும் லைப்ரரியான லிப்பிக்யூவின் லிப்பிக்யூ-எஃப்இ.ஹெச், அது உள்ளே இழுக்கும் போஸ்ட்கிரெஸ்_எக்ஸ்ட்.ஹெச் போன்ற சில கோப்புகளே போதும். சர்வருக்குள் ஓடும் எக்ஸ்டென்ஷன் எழுதுபவருக்கோ போஸ்ட்கிரெஸ்.ஹெச், எஃப்எம்ஜிஆர்.ஹெச் என்று நூற்றுக்கணக்கில் வேண்டும். டெபியன் லினக்ஸில் முதலாவது லிப்பிக்யூ-டெவ், இரண்டாவது போஸ்ட்கிரெஸ்கியூஎல்-சர்வர்-டெவ்-17. பின்னதின் பெயரில் எண் இருப்பது சும்மா இல்லை. 16-இன் ஹெடர்களை வைத்துக் கட்டிய எக்ஸ்டென்ஷனை 17 ஏற்றாது. மாட்யூலுக்குள் பதிந்திருக்கும் வெர்ஷனைப் பார்த்ததுமே மறுத்துவிடும். அதனால் ஒவ்வொரு பெரிய வெளியீட்டின் சர்வர் ஹெடர்களும் தனித்தனி டைரக்டரியில், ஒன்றையொன்று மிதிக்காமல் இருக்க வேண்டும். லிப்பிக்யூவுக்கு அந்தத் தலைவலி இல்லை. புதிய லிப்பிக்யூ பழைய சர்வரோடும் பேசும், ஆகவே ஒன்று போதும்.

கோப்புகளை எப்போதும் மேக்கிடம் டெஸ்ட்டிர் (இன்ஸ்டால் ஆகும் இடத்தை மாற்றும் மாறி) கொடுத்துக் காலி டைரக்டரியில் இன்ஸ்டால் செய்து, அங்கிருந்தே பிரியுங்கள். சோர்ஸில் உள்ள இன்க்ளூட் டைரக்டரியைக் கையால் காப்பி அடித்தால் மாட்டிக்கொள்வீர்கள். பிஜி_கான்ஃபிக்.ஹெச், எஃப்எம்ஜிஆர்ஓஐடிஸ்.ஹெச், எர்ர்கோட்ஸ்.ஹெச் எல்லாம் பில்டின்போது உருவாகிறவை. சர்வர் ஹெடர்களை நேராக /யூஎஸ்ஆர்/இன்க்ளூட்டில் கொட்டுவதும் ஆபத்து. அவற்றில் சி.ஹெச், போர்ட்.ஹெச் என்றெல்லாம் பெயர்கள் உண்டு. வேறு எவருடைய கோப்போடும் மோதும்.

கிளையன்ட் பேக்கேஜில் ஹெடர்களோடு பிஜி_கான்ஃபிக் கருவி, லிப்பிக்யூ.பிசி கோப்பு (கம்பைல், லிங்க் ஃபிளாக்குகளைச் சொல்லும் பிகேஜி-கான்ஃபிக் கருவி படிப்பது), எண் இல்லாத லிப்பிக்யூ.எஸ்ஓ சிம்லிங்க் மூன்றும் இருக்க வேண்டும். சிம்லிங்க் விடுபட்டால் கம்பைல் ஒழுங்காக முடியும், லிங்க் செய்யும்போதுதான் '-எல்பிக்யூ கிடைக்கவில்லை' என்று கத்தும். எண் உள்ள லிப்பிக்யூ.எஸ்ஓ.5 ரன்டைம் பேக்கேஜுக்குச் சொந்தம். இரண்டு பேக்கேஜுக்கும் இடையிலான டிபென்டன்சியில் 'இதே வெர்ஷன், இதே ரிலீஸ்' என்று சமக்குறி போட்டே எழுதுங்கள். 'இதற்கு மேல் எதுவானாலும்' என்று தளர்த்தினால் புதிய லைப்ரரியோடு பழைய ஹெடர் உட்கார்ந்துவிடும்.

பிசி கோப்பில் இன்னொரு கண்ணி. ஓபன்எஸ்எஸ்எல் என்கிற என்க்ரிப்ஷன் லைப்ரரியைச் சேர்த்துக் கட்டினால் பிசி கோப்பின் 'ரிக்வையர்ஸ்.பிரைவேட்' வரியில் லிப்எஸ்எஸ்எல் ஏறும். ஸ்டாட்டிக் லிங்குக்குத்தானே என்று விட்டுவிட்டால், வெறும் ஹெடர் பாதையைக் கேட்டாலும் பிகேஜி-கான்ஃபிக் அந்த வரியைப் பின்தொடர்ந்து போய் 'லிப்எஸ்எஸ்எல் இல்லை' என்று நின்றுவிடும். ஓபன்எஸ்எஸ்எல்லின் டெவ் பேக்கேஜையும் டிபென்டன்சியில் சேருங்கள்.

சர்வர் பேக்கேஜில் ஹெடர்கள் பாதிதான். மீதிப் பாதி பிஜிஎக்ஸ்எஸ், அதாவது எக்ஸ்டென்ஷன்களைக் கட்டும் மேக்ஃபைல்கள். இவற்றில் மேக்ஃபைல்.குளோபலைத் திறந்து ஒருமுறை கண்ணால் பாருங்கள். நீங்கள் கட்டிய மெஷினின் டைரக்டரிப் பாதை, கம்பைலர் ஃபிளாக், எல்லாம் அதில் பதிந்திருக்கும். ஜிட்டுக்காக (ஓடும்போதே மெஷின் கோடு உருவாக்கும் வசதி) எல்எல்விஎம் சேர்த்துக் கட்டியிருந்தால் அதன் சி கம்பைலரான கிளாங் இருந்த இடமும் பதிந்திருக்கும். பயனரிடம் கிளாங் இல்லையென்றால், ஜிசிசியில் கம்பைல் முடிந்தும், எல்எல்விஎம்முக்கான பிட்கோட் உருவாக்கும் இடத்தில் பில்ட் உடையும். கிளாங்கையும் எல்எல்விஎம்மையும் டிபென்டன்சியாக வைப்பதே சரி. 'வித்_எல்எல்விஎம்=நோ' என்று மேக்கிடம் சொல்லிச் சமாளிக்கலாம்தான், ஆனால் அதைப் பயனர் தலையில் கட்டக் கூடாது.

32, 64 பிட் டெவ் பேக்கேஜுகளை ஒரே கணினியில் போட அனுமதிக்கும் விநியோகங்களில் பிஜி_கான்ஃபிக்.ஹெச் முட்டிக்கொள்ளும். லாங் எத்தனை பைட் என்பது போன்ற அளவுகள் அதில் இருப்பதால், ஒரே பாதையில் இரண்டு வேறு உள்ளடக்கம் வரும். ஆர்க்கிடெக்சர் பெயரை ஒட்டி அசல் கோப்பின் பெயரை மாற்றி, சரியானதை இன்க்ளூட் செய்யும் சிறு கோப்பைப் பழைய பெயரில் வைப்பது ஃபெடோராவின் வழி.

சோதனையைப் பில்ட் செய்த மெஷினில் செய்யாதீர்கள். அங்கே எல்லா ஹெடரும் ஏற்கெனவே கிடக்கும், எதுவும் தோற்காது. எஸ்பில்ட் (டெபியன்) அல்லது மாக் (ஃபெடோரா) தரும் சுத்தமான சூழலில் டெவ் பேக்கேஜை மட்டும் போட்டு, பிக்யூலிப்வெர்ஷனை அழைக்கும் நாலு வரி சி புரோகிராமை லிங்க் வரை கொண்டுபோய் ஓட்டிப் பாருங்கள். சர்வர் பக்கத்துக்கு ஒரு சின்ன எக்ஸ்டென்ஷனைப் பிஜிஎக்ஸ்எஸ்ஸில் கட்டுங்கள். சர்வர் ஹெடர்களைத் தனித்தனியே சோதிப்பதானால் முதல் வரியில் போஸ்ட்கிரெஸ்.ஹெச் வர வேண்டும். அது இல்லாமல் வரும் பிழைகள் உங்கள் பேக்கேஜின் குற்றமல்ல.

அடுத்த வெளியீட்டில் புதிய ஹெடர் ஏதாவது முளைத்திருந்தால், ஃபெடோரா பக்கத்துப் பேக்கேஜ் கருவியான ஆர்பிஎம் 'இன்ஸ்டால் ஆனது, பேக்கேஜில் சேரவில்லை' என்று சொல்லி நிற்கும். டெபியனின் டெப்ஹெல்பரும் 13-ஆம் காம்பாட் (இணக்க) நிலையிலிருந்து அப்படித்தான். எரிச்சலில் அந்தச் சோதனையை அணைத்துவிடாமல், கோப்பு எந்தப் பேக்கேஜுக்கு உரியது என்று பார்த்துப் பட்டியலில் சேருங்கள்.