டாக்கோ மசாலா குழம்புப் பொடி இல்லை: நம் வீட்டில் நடக்கும் தவறுகள்

கும்பகோணத்தில் எங்கள் வீட்டில் முதன்முறையாக டாக்கோ மசாலா, அதாவது மெக்சிகோக்காரர்கள் ரொட்டியில் மடித்துச் சாப்பிடும் டாக்கோவின் உள்ளே வைப்பதற்குப் போடும் மசாலா, போட்டு ராஜ்மா செய்த அன்று ஒரு வாய்க்கு மேல் யாராலும் சாப்பிட முடியவில்லை. குறிப்பில் இரண்டு மேசைக்கரண்டி சில்லி பவுடர் என்று இருந்தது, நானும் மில்லில் அரைத்து வைத்திருந்த மிளகாய்த்தூளை அளந்து அப்படியே போட்டுவிட்டேன். நம் கை குழம்புக்குப் பழகிய கை, அதுதான் காரணம். இந்த மசாலாவில் வரும் தவறுகள் பாதிக்கு மேல் அந்தப் பழக்கத்திலிருந்துதான் வருகின்றன.

அமெரிக்கக் குறிப்புகளில் சில்லி பவுடர் என்றால் தனி மிளகாய்த்தூள் கிடையாது. காரம் குறைந்த காய்ந்த மிளகாயோடு சீரகம், ஒரிகானோ (பீட்சாவில் தூவும் காய்ந்த இலை), பூண்டுத்தூள் எல்லாம் சேர்ந்த கலவை அது, 1890களில் டெக்சாஸில் கடைச்சரக்காக விற்க ஆரம்பித்தது. மெக்சிகோவில் எடுக்கும் ஆஞ்சோ, குவாஹியோ மிளகாய்களிலும் நிறமும் லேசான பழ வாசனையும்தான் முதலில் தெரியும், காரம் பின்னால்தான். நம்மிடம் அதற்கு ஓரளவு பக்கத்தில் வருவது காஷ்மீரி மிளகாய்த்தூள். இரண்டு கரண்டி காஷ்மீரி மிளகாய்த்தூளுக்கு ஒரு கரண்டி வறுத்தரைத்த சீரகம், அரைக் கரண்டி பூண்டுத்தூள், அரைக் கரண்டி ஒரிகானோ என்று கலந்தால் வீட்டுக்குப் போதும். மல்லித்தூள், கரம் மசாலா வேண்டாம், அவை சேர்ந்தால் சுவை நேராக நம் குருமாவுக்குத் திரும்பிவிடும்.

ஒரிகானோ கிடைக்காவிட்டால் பீட்சாவோடு வந்த பொட்டலத்தைக் கொட்டுகிறோம். அதில் பெரும்பாலும் உப்பும் வேறு பொருட்களும் கலந்திருக்கும், பார்த்துப் போடுங்கள். கொல்லையில் இருக்கும் ஓமவல்லி இதைவிட நல்லது என்று நினைக்கிறேன், இரண்டுக்கும் வாசனை தருகிற பொருளில் ஒற்றுமை உண்டு. ஆனால் நாலு பேருக்கான சமையலுக்கு ஓர் இலையைப் பொடியாக நறுக்கினால் போதும், கூடினால் கஷாய வாடை வந்துவிடும்.

அடுத்தது எண்ணெய். கடுகு வெடிக்கும் சூட்டில் இந்தப் பொடியைப் போட்டால் பூண்டுத்தூள் நொடியில் கருகிக் கசந்துவிடும், அப்புறம் தக்காளி ஊற்றினாலும் அந்தக் கசப்பு போகாது. வெங்காயம் வதங்கியதும் தீயைக் குறைத்து, பொடியைத் தூவி, அரை நிமிடம் கிளறி உடனே தக்காளியோ தண்ணீரோ சேர்க்க வேண்டும். சாம்பார்ப் பொடி மாதிரி கொதிக்கிற தண்ணீரில் நேராகக் கொட்டினாலும் சரியாக வராது, சீரகத்தின் வாசனை எண்ணெய்ப் பட்டால்தான் எழும். எண்ணெய் கடலை எண்ணெயாக இருக்கட்டும், நல்லெண்ணெய் போட்டால் அதன் மணம்தான் மேலே நிற்கும்.

கடையில் வாங்கும் பாக்கெட் என்றால் உப்பு ஏற்கெனவே இருக்கும், பலவற்றில் குழம்பு கெட்டியாக மாவும் உண்டு. ருசி பார்க்காமல் உப்பு போடாதீர்கள். சுமார் 28 கிராம் பாக்கெட் ஒன்று அரைக் கிலோ கறிக்கு என்பது பொதுவான கணக்கு, காளானுக்கும் பனீருக்கும் அதில் பாதியிலிருந்து தொடங்குங்கள்.

ராஜ்மாவை இரவே ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, குக்கரில் குழைய வேகவிட்ட பிறகே தக்காளியும் மசாலாவும் சேர வேண்டும். புளித்தண்ணீரில் காய் வேகாது என்று நம் வீட்டில் சொல்வார்களே, அதே சங்கதிதான். அரைவேக்காட்டு ராஜ்மா வயிற்றைப் படுத்திவிடும், இதில் அவசரமே கூடாது. எலுமிச்சை அடுப்பை அணைத்த பிறகுதான்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பொடி கட்டி தட்டிப் போவதற்குப் பாட்டிலை ஆவி பறக்கும் சட்டிமேல் பிடித்துக் குலுக்குவதும் ஒரு காரணம். உலர்ந்த கரண்டியில் எடுத்துப் போடுங்கள்.

டாக்கோ ரொட்டிக்காகக் கடை மக்காச்சோள மாவைப் பிசைந்து, தட்டும்போதெல்லாம் விரிசல் விட்டுப்போய் நொந்தவர்கள் இருப்பீர்கள். மாவு பழையது என்று நினைக்க வேண்டாம். மெக்சிகோவில் மக்காச்சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து, ஊறவிட்டு, கழுவி அரைக்கிறார்கள், அதனால்தான் அங்கே மாவு சேர்ந்து நிற்கிறது. நாம் கோதுமையில் மெல்லிய சப்பாத்தி இட்டுக்கொள்ளலாம், வடக்கு மெக்சிகோவில் கோதுமை டார்ட்டியா (டாக்கோவுக்கான மெல்லிய ரொட்டி) சாதாரணமாகச் சாப்பிடுவதுதான்.