ரோபோவில் விதிகளையும் கற்றலையும் இணைப்பது எப்படி

எதை எழுதி வைப்பது, எதைக் கற்க விடுவது என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். நீர் நிறைந்த குவளையைச் சாய்க்கக் கூடாது என்பதைப் பல ஆயிரம் முறை கொட்டித்தான் ஒரு ரோபோ அறிய வேண்டும் என்பதில்லை. அது ஒரு வரி விதி. ஆனால் கேமராவில் தெரிவது குவளைதானா, அதன் கைப்பிடியை எந்தக் கோணத்தில் பற்றினால் நழுவாது என்பவற்றை விதிகளாக எழுதி மாளாது. அவற்றைத் தரவுகளிலிருந்தே கற்பிக்க வேண்டும்.

பிறகு ஒவ்வொரு செயலுக்கும் முன்நிபந்தனையையும் விளைவையும் எழுதுங்கள். தொடக்ககால நடமாடும் ரோபோக்களில் ஒன்றான ஷேக்கிக்காக உருவாகி 1971இல் வெளியான ஸ்ட்ரிப்ஸ் திட்டமிடல் முறையின் வடிவம் இதுதான். தொடக்கத்திற்கு இன்றும் அது போதும். ‘எடு’ என்பதற்குக் ‘கை காலி’ முன்நிபந்தனை, ‘குவளை கையில்’ விளைவு.

விதியும் கற்றலும் சந்திக்கும் இடத்தில்தான் சிக்கல். தரவுகளிலிருந்து கற்ற நிரலான நரம்பியல் வலையமைப்பு ‘குவளை, 0.62’ என்று, அதாவது குவளையாக இருக்க 62 விழுக்காடு வாய்ப்பு என்று, சொல்லும்; விதியோ ஆம், இல்லை என்ற விடையையே எதிர்பார்க்கும். 0.5க்கு மேலிருந்தால் ஆம் என்று வெட்டிவிடுவது எளிது, ஆனால் அந்த ஐயம் அங்கேயே தொலைந்துபோகும். மாறாக, நிகழ்தகவைத் திட்டமிடும் நிரலிடம் அப்படியே கொடுத்து, அது குறைவாக இருக்கும்போது ‘வேறு கோணத்திலிருந்து பார்’ என்பதையும் ஒரு செயலாகத் தேர்ந்தெடுக்க விடுங்கள். அதற்குமுன், 0.6 என்று சொன்னவற்றுள் உண்மையாகவே பத்துக்கு ஆறு சரியா என்று சோதித்து எண்களைத் திருத்திக்கொள்வது அவசியம். பலர் தவறவிடும் படி இதுவே.

கற்ற கட்டுப்பாட்டு நிரல் கேட்கும் வேகம் வரம்பை மீறினால், மோட்டாரை எட்டும் முன் விதி அதைக் குறைக்க வேண்டும். இதில் விட்டுக்கொடுக்க வேண்டாம். குவளை நழுவினால், பொய்த்த ‘குவளை கையில்’ என்ற விளைவைக் கேமராப் படத்துடன் பதிவு செய்து, அடுத்த பயிற்சித் தரவில் சேர்த்துவிடுங்கள்.