பாலைவனத் தளத்தில் முதல் ஆண்டு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பக்கத்திலிருந்து விமானப்படையில் சேர்ந்து, பெலகாவியில் அடிப்படைப் பயிற்சியும் தாம்பரத்தில் தொழிற்பயிற்சியும் முடித்து, ராஜஸ்தானுக்குப் பணியாணை பெற்ற பிள்ளைகள் விடுப்பில் வரும்போது என்னையும் பார்த்துவிட்டுப் போவார்கள். மிக்-21 போர் விமானத்தின் இன்ஜின் ஃபிட்டராக நான் செய்த பழைய தவறுகள் அவர்கள் பேச்சில் அப்படியே திரும்பி வருகின்றன. சீருடை, வணக்கம், நேரம் ஆகியவற்றைப் பயிற்சிப் பள்ளியே சொல்லித் தந்திருக்கும் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

தளத்தையும் ஸ்குவாட்ரனையும் ஒன்றாக நினைப்பது

தளம் ஓடுபாதை, ரேடார், எரிபொருள் கிடங்கோடு ஓரிடத்தில் நிலைத்திருப்பது. ஸ்குவாட்ரன் என்பது விமானங்களோடும் ஆட்களோடும் இடம் மாறக்கூடிய விமானப் பிரிவு. 1971 டிசம்பரில் ராஜஸ்தான் எல்லையிலுள்ள லோங்கேவாலாவில் பாகிஸ்தான் டாங்கிகளைத் தாக்கிய ஹண்டர் விமானங்கள் ஜெய்சல்மரிலிருந்து பறந்தாலும், அவை ஒரு பயிற்சிப் பிரிவிலிருந்து அங்கே அனுப்பப்பட்டவை. 1969-இல் சுகோய்-7 விமானங்களோடு உருவான 222-ஆம் ஸ்குவாட்ரன், 2020 ஜனவரி 20 அன்று சுகோய்-30 விமானங்களோடு நம் தஞ்சாவூருக்கு வந்தது. நீங்கள் தளத்தின் பிரிவிலா, ஸ்குவாட்ரனிலா என்பதைப் பொறுத்தே, ஒரு குறையை யாரிடம் சொல்ல வேண்டும் என்பதும் மாறும்.

வெயிலில் காய்ந்த விமானத் தகடு

கையுறை இல்லாமல் தொடாதீர்கள்.

காணாமல் போனதைச் சொல்லாமல் தேடுவது

இதை நினைத்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது, ஏனென்றால் இதைச் செய்பவர்கள் சோம்பேறிகள் அல்லர். நல்ல பெயர் எடுக்கத் துடிக்கும் பிள்ளைகள்தாம்.

எனக்கு அது இரண்டாவது மாதம். புழுதிக்காற்று வரும் என்று தகவல் வந்ததால் எல்லாரும் அவசரமாக வேலையை முடித்துக்கொண்டிருந்த மாலையில், டூல் பாக்ஸை எண்ணியபோது ஒரு சிறிய ஸ்க்ரூ டிரைவர் குறைந்தது. சார்ஜண்டிடம் சொன்னால் புதியவன் என்று ஒதுக்கிவிடுவார் என்ற அச்சத்தில், கணக்குச் சரி என்று கையெழுத்திட்டுவிட்டு, தனியாக மணலில் விரலால் துழாவினேன். நம் வயலில் விழுந்த அரிவாள் சேற்றின்மேல் தெரியும். அங்கே மாவு போன்ற மணல் நொடியில் மூடிவிடும். அரை மணி நேரம் கழித்து, விமானி காக்பிட்டில் ஏறி அமர்ந்துவிட்ட பிறகுதான் வாய் திறந்தேன்.

விமானம் நிறுத்தப்பட்டது, அன்றைய பறப்பு ரத்தானது, இரவு முழுக்க நாங்கள் ஆறு பேர் தகடுகளைக் கழற்றித் தேடினோம். விடியும் நேரத்தில் அது இன்ஜின் பகுதியில், ஒரு குழாயின் பின்னால் கிடைத்தது. மணலில் தேடிய அரை மணி நேரமும் அது அங்கேயேதான் இருந்திருக்கிறது.

மிக்-21-க்கு மூக்கே காற்று உறிஞ்சும் வாய். எதுவும் உள்ளே நுழைவதைத் தடுக்க வலை கிடையாது. சுகோய்-30-இல் தரையில் இருக்கும்போது கம்பி வலை நுழைவாயிலை மறைக்கிறது, ஆனால் உள்ளே நாம் விட்டுவிட்ட கருவியை எந்த வலையும் தடுக்காது. காற்றை அழுத்தச் சுழலும் கம்ப்ரசர் இதழ்களில் ஒரு திருகாணி பட்டாலே இதழ் முறிந்து, அடுத்த வரிசைகளையும் கிழித்துக்கொண்டு போகும். ஒற்றை இன்ஜின் விமானத்தில் அப்படி நேர்ந்தால் விமானிக்கு வெளியேறுவது தவிர வழி இருக்காது.

அதனால் முதலில் எண்ணுங்கள்; குறைந்தால் அந்த நொடியே கையை உயர்த்திச் சொல்லுங்கள்; பிறகு தேடுங்கள். அன்று சார்ஜண்ட் என்னைத் திட்டியது கருவி தொலைந்ததற்காக அன்று, கையெழுத்துக்காக. போன மாதம் வந்த ஒரு தம்பி, "கிடைத்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன், அண்ணா" என்றான். அவனை உட்காரவைத்து இந்தக் கதை முழுவதையும் மறுபடி சொன்னேன்.

காலை நடை

ஓடுபாதையிலும் விமான நிறுத்தத்திலும் வரிசையாக நடந்து கல், ஆணி, கம்பித் துண்டு பொறுக்குவதைத் தண்டனை என்று எண்ணாதீர்கள்; அதிகாரிகளும் உங்களோடு குனிவார்கள்.

புகைப்படம்

தளத்துக்குள் எடுக்கக் கூடாது. அம்மாவுக்கு அனுப்பவும் கூடாது.