ஆடிக்காத்துக்கு அசையாத வாசல் தோட்டம் போடுறது எப்படி?

எங்க வீடு வள்ளியூர்ல இருந்து பணகுடி போற வழில, மொட்டைமாடில ஏறி நின்னா சுத்தி காத்தாலைதான். வைகாசில ஆரல்வாய்மொழி கணவாய் வழியா கிளம்புற காத்து புரட்டாசி வரைக்கும் ஓயாது, மழையெல்லாம் மலைக்கு அந்தப்பக்கம் கேரளாவுல கொட்டித் தீத்துட்டு நமக்கு வர்றது வெறும் காத்துதான்.

மொத வருஷம் நான் பண்ண கூத்தச் சொல்லிடுறேன். சித்திரைல நர்சரிக்குப் போய் இடுப்பு உயரச் செம்பருத்தியா பாத்துப் பாத்து வாங்கி நட்டு தினமும் ரெண்டு வாளி தண்ணி ஊத்துனேன், ஆடி முடியறப்போ எல்லாம் கிழக்கால சாஞ்சு இலை ஓரமெல்லாம் கருகி நின்னுச்சு. தண்ணி பத்தலன்னு நெனச்சு இன்னும் ஊத்துனேன் பாருங்க! இலைல இருக்க ஈரத்த காத்து உறிஞ்சுற வேகத்துக்கு அந்தக் குட்டி வேரு ஈடுகொடுக்கல, அதான் விஷயம்.

மொதல்ல, ஆடில ஒண்ணும் நடாதீங்க. ஆடிப்பட்டம் தேடி விதைங்கிறது இந்த வாசலுக்கு ஆகாது. நாலஞ்சு குச்சில பழைய சேலைக் கிழிசலக் கட்டி அங்கங்க குத்தி வச்சு வேடிக்கை பாருங்க. காம்பவுண்ட் சுவர் ஓரம் பத்திரம்னு நெனப்போம், ஆனா அங்கதான் கிழிசல் பம்பரமா சுத்தும், காத்து சுவரைத் தாண்டிக் குதிச்சு உள்ள சுழலுது. அதுக்குத்தான் செடிவேலி, அது காத்தத் தடுக்காது, வடிகட்டி விடும்.

அடுத்து வேலி. ஐப்பசில ரெண்டு மழை விழுந்ததும் காத்து வர்ற மேற்குப் பக்கம் நொச்சிக் கம்பும் ஆடாதோடைக் கம்பும் ஒண்ணரை அடிக்கு ஒண்ணா ரெண்டு வரிசை, முன்வரிசை இடைவெளில பின்வரிசை வர்ற மாதிரி ஊணுங்க. கம்பு முக்கால் அடி இருந்தாப் போதும், ரெண்டு கணு மண்ணுக்குள்ள போகணும். தெருல திரியுற ஆடு ரெண்டுலயும் வாய் வைக்காது.

உள்பக்கம் ஒண்ணரை அடி குழி. அடில, ஒரு நாள் தண்ணில ஊறுன தேங்கா உரிமட்டைய குழிஞ்ச பக்கம் மேல பாக்க அடுக்குங்க, கிண்ணம் மாதிரி தண்ணியப் பிடிச்சு வச்சுக்கும். அதுமேல செம்மண்ணும் மக்குன சாணியும்.

செடி ஒரு சாண் இருந்தாப் போதும், நர்சரிக்காரர் பெருசக் காட்டுனா மயங்காதீங்க. அரளி, காகிதப்பூ, நித்தியகல்யாணி, கத்தாழை எல்லாம் தாங்கும். அரளி விஷம், கைக்குழந்தை இருக்க வீட்டுக்கு வேண்டாம். ஆவாரம் மட்டும் விதையாவே போடுங்க, பிடுங்கி நட்டா கோவிச்சுக்கும். முட்டுக்குச்சி வேணும்னா தாழக் கட்டுங்க, லூசா, தண்டு கொஞ்சம் ஆடுனாத்தான் கெட்டிப்படும்.

மூடாக்குக்கு, அதான் மண்ணு காயாம மேல மூடி வைக்குறதுக்கு, சருகு போட்டேன், மறுநாள் பூரா பக்கத்து வீட்டு வாசல்ல கிடந்துச்சு, அந்த அக்கா முகத்தப் பாக்கணுமே... இப்ப ரெண்டு இஞ்ச் சரளைதான், தண்டுல ஒட்டாம.

கார்த்திகை வரைக்கும் மழை பாத்துக்கும். மார்கழிக்கு அப்புறம் தினமும் தெளிக்காம வாரம் ஒருக்கா வேரு வரைக்கும் இறங்குற மாதிரி ஊத்துங்க. ரெண்டு செடிக்கு நடுவுல பூசாத மண் கலயம் ஒண்ணக் கழுத்து வரை புதைச்சு ரொப்பி விட்டா அது பாட்டுக்குக் கசிஞ்சுக்கிட்டே இருக்கும். மேல ஒரு சட்டியக் கவுத்துங்க, இல்லேன்னா கொசு வந்துரும்.