பழைய வெள்ளித் தட்டும் அடையாளம் இழந்த சிங்கமும்

போன மாதம் லண்டன் சந்தை ஒன்றில் ஓர் இளைஞர் பழைய வெள்ளித் தட்டு வாங்கினார். காசைக் கொடுத்த கையோடு, "இதை எங்கே கொடுத்தால் பளபளப்பாக்கித் தருவார்கள்?" என்று கேட்டார். எனக்கு வயிறு கலங்கியது. இருபது வருடங்களுக்கு முன் நானும் இதையேதான் கேட்டேன்.

பழைய வெள்ளி வாங்குவோர் செய்யும் தவறுகள் சில உண்டு. அவற்றில் முலாம் பூசியதை வெள்ளி என்று வாங்குவது, ஹால்மார்க்கைப் பார்க்காமல் விலை பேசுவது போன்றவற்றை இங்கே சொல்லப்போவதில்லை. இரண்டு முறை ஏமாந்தால் தானே தெளியும்.

மெருகுச் சக்கரத்தில் கொடுப்பது

என்னுடையது 1750களில் லண்டனில் செய்த தட்டு. கீழே மூன்று குட்டிக் கால்கள். நடுவே சுருள் வேலைப்பாட்டுக்குள் ஒரு குடும்பத்தின் குலச்சின்னமான கேடயம், அதில் எழுந்து நிற்கும் சிங்கம். கறுத்துக் கிடந்ததால் ஒரு பட்டறையில் கொடுத்தேன். திரும்பி வந்தபோது முகம் பார்க்கலாம் போல இருந்தது. சிங்கமும் இருந்தது. அதைச் சுற்றியிருந்த மெல்லிய கோடுகளைத்தான் காணவில்லை.

அந்தக் கோடுகளை வெறும் அலங்காரம் என்று நினைத்திருந்தேன். அவைதான் நிறங்கள். வெள்ளியில் வண்ணம் தீட்ட முடியாது. அதனால் செதுக்குபவர்கள் நிறத்தைக் கோட்டால் எழுதினார்கள். 1638இல் பெத்ரா சாங்தா என்ற ஏசு சபைத் துறவி வெளியிட்ட முறை அது. புள்ளிகள் என்றால் பொன், வெறுமை என்றால் வெள்ளி, செங்குத்துக் கோடு சிவப்பு, கிடைக்கோடு நீலம், இரண்டும் குறுக்கிட்டால் கறுப்பு. பொன் பின்னணியில் நீலச் சிங்கம் பெர்சி என்ற ஆங்கிலப் பிரபுக் குடும்பத்துடையது. சிவப்புப் பின்னணியில் வெள்ளிச் சிங்கம் மௌப்ரே என்ற இன்னொரு பிரபுக் குடும்பத்துடையது. கோடுகள் தேய்ந்துவிட்டால் இரண்டும் வெறும் சிங்கம்தான். இங்கிலாந்தில் சிங்கத்துக்கா பஞ்சம்?

உருவத்தின் விளிம்பை ஆழமாக வெட்டுவார்கள். நிறக்கோடுகளை மேலோட்டமாகக் கீறுவார்கள். சக்கரம் முதலில் தின்பது அவற்றைத்தான். பள்ளத்தில் படிந்த கறுப்பு அழுக்கு அல்ல, அதனால்தான் செதுக்கல் கண்ணுக்குத் தெரிகிறது. மெல்லிய பருத்தித் துணியால் கையால் துடையுங்கள், அதுவும் எப்போதாவது.

பிறகு விற்கப் போனபோது வியாபாரி உருப்பெருக்கிக் கண்ணாடியை ஒரு நிமிடம் வைத்துப் பார்த்துவிட்டு, "யார் வீட்டுத் தட்டு என்று தெரியவில்லையே" என்றார். கொடுத்த விலையில் பாதிகூடத் தேறவில்லை. இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. வீட்டுச் சாவிகளை அதில் போட்டு வைக்கிறேன்.

கிரெஸ்ட் இருந்தால் பிரபு வீடு என்பது

கிரெஸ்ட் என்பது தலைக்கவசத்தின் உச்சியில் நிற்கும் உருவம். முழுக் குலச்சின்னம் அல்ல. கரண்டிக் காம்பில் இடம் போதாது என்பதால் அதை மட்டும் வெட்டுவார்கள். ஒரே கிரெஸ்டைப் பல குடும்பங்கள் வைத்திருக்கும். அதை வைத்து ஒரு கோமகனைக் கண்டுபிடித்துவிட்டதாகச் சொல்பவரிடம் பர்ஸைத் திறக்காதீர்கள்.

கேடயத்தைப் பாதி படிப்பது

நெடுக்காக இரண்டாகப் பிரிந்திருந்தால் நமக்கு இடப்பக்கம் கணவன் வீட்டுச் சின்னம், வலப்பக்கம் மனைவி வீட்டுச் சின்னம். சாய்சதுரமாக இருந்தால் விதவை அல்லது மணமாகாத பெண். இரு குடும்பங்களும் தெரிந்தால் திருமண ஆண்டைத் தேடிப் பிடிக்கலாம். ஹால்மார்க்கில் ஆண்டைக் குறிக்கும் எழுத்து 1755 என்றும் திருமணம் 1790 என்றும் வந்தால் சின்னம் பிற்பாடு ஏறியது.

கரண்டியின் முதுகு

ஏறக்குறைய 1760கள் வரை ஆங்கிலேயர்கள் மேசையில் கரண்டியைக் கவிழ்த்து வைத்தார்கள். சின்னமும் முதுகில்தான் இருக்கும். 1740ஆம் ஆண்டுக் கரண்டியின் முன்பக்கத்தில் சின்னம் இருந்தால் சந்தேகப்படுங்கள்.

அடுத்தவர் சின்னத்தை உரைத்து எடுப்பது

சீர் வந்த பாத்திரத்தில் வெட்டியிருக்கும் பாட்டியின் பெயரை உரைத்து எடுப்போமா? எடுத்தால் தகடும் மெலியும். வாங்கும்போது கேடயம் இருக்க வேண்டிய இடத்தில் மூச்சை ஊதுங்கள். அழித்த கோடுகள் சில சமயம் ஆவியில் எழும். கட்டைவிரலுக்குத் தகடு நெளிந்தால் கீழே வைத்துவிட்டு நடையைக் கட்டுங்கள்.

ரப்பர் பேண்ட்

கரண்டிக் கட்டுக்குப் போடாதீர்கள். ரப்பரில் கந்தகம் உண்டு. வெள்ளியில் கறுப்பு வரி விழும்.