சான் ஆண்ட்ரியாஸ் காவலருக்குக் காக்கி உடுத்துதல்: டெக்ஸ்சர் மாற்றப் பழகுபவர்களுக்கு

ஜிடிஏ சான் ஆண்ட்ரியாஸ் விளையாட்டில் லாஸ் சாண்டோஸ் நகரக் காவலர்கள் கறுப்புக்கு நெருங்கிய கருநீலச் சீருடையில் வருவார்கள். அவர்களுக்கு நம் ஊர்க் காக்கியை உடுத்திப் பார்க்கும் ஆசையில்தான் நான் டெக்ஸ்சரை, அதாவது உருவத்தின்மேல் போர்த்தப்படும் படத்தை, மாற்றக் கற்றுக்கொண்டேன். சீருடைக்கு வண்ணம் தீட்ட எனக்கு ஒரு மணி நேரம்தான் ஆனது. தீட்டியதை விளையாட்டுக்குள் ஒழுங்காக வரவைக்க மூன்று மாலைகள் போயின. அந்த மூன்று மாலைகளை உங்களுக்கு மிச்சப்படுத்தவே இந்த விளக்கம்.

இங்கே சொல்வதெல்லாம் 2005இல் கணினிக்கு வந்த பழைய பதிப்புக்கு மட்டுமே பொருந்தும். 2021 நவம்பரில் வெளியான டெஃபனிட்டிவ் எடிஷன் அன்ரியல் எஞ்சினில் இயங்குவதால் அதன் கோப்புகளின் அமைப்பே வேறு. பழையதிலும் 1.0 பதிப்பையே வைத்துக்கொள்ளுங்கள், ஏனெனில் பெரும்பாலான மாட் கருவிகள் (விளையாட்டில் நாமாகச் செய்யும் மாற்றங்களுக்கு உதவுபவை) அதை மனத்தில் வைத்தே எழுதப்பட்டவை.

முதல் முயற்சிக்கு நாயகன் சிஜேயைத் தொட வேண்டாம். உடை மாற்றிக்கொள்ளும் பாத்திரம் என்பதால் அவனுடைய சட்டை, கால்சட்டை, காலணி எல்லாம் பிளேயர்.ஐஎம்ஜி என்ற தனிக் கோப்பில் துண்டு துண்டாக இருக்கின்றன. காவலர், கும்பல் ஆட்கள், வழிப்போக்கர் போன்றோருக்கு ஆளுக்கு ஓர் உருவக் கோப்பும் ஒரு டெக்ஸ்சர் கோப்பும் மட்டுமே இருப்பதால் பழகுவதற்கு அவர்களே ஏற்றவர்கள்.

தேவைப்படும் கருவிகள் நான்கு: கோப்பைப் பிரித்தெடுக்க ஆல்சியின் ஐஎம்ஜி எடிட்டர், டெக்ஸ்சர் கோப்பைத் திறக்க மேஜிக் டிஎக்ஸ்டி, வண்ணம் தீட்ட கிம்ப், விளையாட்டில் சேர்க்க மாட் லோடர். டிஎக்ஸ்டி ஒர்க்‌ஷாப்பைப் பரிந்துரைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. படத்தைப் பெரிதாகப் பார்க்கவும் சுருக்க முறையைத் தேர்ந்தெடுக்கவும் மேஜிக் டிஎக்ஸ்டியே வசதியாக இருக்கிறது. ஃபோட்டோஷாப் ஏற்கெனவே கைவசம் இருந்தால் பயன்படுத்துங்கள், இல்லையென்றால் இந்த வேலைக்காக அதைத் தேடிப் போக வேண்டிய அவசியமே இல்லை.

விளையாட்டின் மாடல்ஸ் கோப்புறையில் இருக்கும் ஜிடிஏ3.ஐஎம்ஜியை முதலில் வேறிடத்தில் நகலெடுத்து, அந்த நகலை ஐஎம்ஜி எடிட்டரில் திறந்து, எல்ஏபிடி1 என்ற பெயரைத் தேடுங்கள். அதே பெயரில் இரண்டு கோப்புகள் தென்படும்: டிஎஃப்எஃப் என்று முடிவது உடலின் வடிவம், டிஎக்ஸ்டி என்று முடிவது அதன்மேல் போர்த்தப்படும் படம். நமக்கு வேண்டியது இரண்டாவது. அதை வெளியே எடுத்து மேஜிக் டிஎக்ஸ்டியில் திறந்து, உள்ளிருக்கும் படத்தைப் பிஎன்ஜியாக ஏற்றுமதி செய்யுங்கள். படத்துக்கு உள்ளே இருக்கும் பெயரை அப்போதே ஒரு தாளில் குறித்து வையுங்கள். ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

கிம்பில் அந்தப் படத்தைத் திறந்தால், தையற்காரர் வெட்டி மேசையில் பரப்பிய துணிகளைப் போல முகம் ஒரு பக்கமும் சட்டை ஒரு பக்கமுமாகத் தட்டையாகக் கிடக்கும். எந்தத் துண்டு உடலில் எங்கே போய் ஒட்டும் என்பதைப் பார்த்த மாத்திரத்தில் சொல்ல முடியாது. பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் உருவத்தைத் திறந்து பார்ப்பதே முறையான வழி என்பார்கள். தொடக்கத்தில் நான் செய்தது அதைவிட எளியது: படம் முழுவதும் கட்டம் போட்டு, கட்டத்துக்கு ஓர் எண்ணைப் பெரிதாக எழுதி, அதை அப்படியே விளையாட்டில் ஏற்றிக் காவலரைச் சுற்றிவந்து பார்த்தேன். நெஞ்சில் 6, முதுகில் 11 என்று வரைபடம் தானாகக் கிடைத்துவிட்டது. இதில் இன்னொரு லாபமும் உண்டு. இந்த விளையாட்டின் பல பாத்திரங்களில் இரண்டு கைகளுக்கும் ஒரே துண்டுதான் பயன்படுகிறது. ஒரு கையில் 3 நேராகவும் மறு கையில் கண்ணாடியில் தெரிவதைப் போலத் திரும்பியும் வந்தால், அந்த இடத்தில் எழுத்து எதையும் எழுதக் கூடாது என்று பொருள்.

அடுத்து வண்ணம். சீருடைப் பகுதியை மட்டும் லாசோவால் தேர்ந்தெடுத்து, அதன்மேல் புது லேயரில் காக்கியை நிரப்பி, லேயரின் முறையை மல்டிப்ளை என்று மாற்றினால் துணியின் மடிப்பும் நிழலும் அழியாமல் நிறம் மட்டும் மாறும் என்று எங்கும் சொல்வார்கள். வெளிர்நிறச் சட்டைக்கு அது சரி. கருநீலத்தின்மேல் அதைச் செய்தபோது எனக்குக் கிடைத்ததோ சேற்று நிறம். காரணம் எளிய கணக்குதான்: மல்டிப்ளை முறை அடி நிறம், மேல் நிறம் ஆகிய இரண்டின் மதிப்புகளையும் (0 முதல் 255 வரை) பெருக்கி 255ஆல் வகுக்கிறது, ஆகவே அடியில் 60 என்றும் மேலே 200 என்றும் இருந்தால் விடை 47. வெள்ளையைத் தவிர எதைப் பூசினாலும் அடியில் உள்ளதைவிட இருண்டுதான் போகும். எனவே முதலில் டிசாச்சுரேட் செய்து நீலத்தை நீக்கி, லெவல்ஸ் கருவியால் அந்தச் சாம்பலை நன்றாக வெளுக்கவைத்து, அதற்குப் பிறகே காக்கியைப் பெருக்க வேண்டும். லாஸ் சாண்டோஸின் வானம் மாலையில் செம்மஞ்சள் பூசிக்கொள்ளும் என்பதால் திரையில் சரியாகத் தெரியும் காக்கி அங்கே ஆரஞ்சாகிவிடும். கொஞ்சம் மங்கலான காக்கியையே நான் தேர்ந்தெடுக்கிறேன்.

தவறிப் பூசிய இடத்தைத் திருத்த அழிப்பானைப் பயன்படுத்தாதீர்கள். படத்தில் ஆல்ஃபா (ஒளிபுகும் அளவைக் குறிக்கும் தகவல்) இருந்தால், அழித்த இடம் வெள்ளையாவதில்லை, ஒளிபுகும் இடமாகிவிடுகிறது. அதை அப்படியே ஏற்றினால் காவலரின் வயிற்றில் ஓட்டை விழுந்து பின்னாலுள்ள சாலை தெரியும். மூலப் படத்தில் ஒளிபுகும் பகுதி இல்லை என்று உறுதி செய்துகொண்டு, லேயர்களோடு கூடிய கிம்ப் கோப்பைத் தனியே சேமித்துவிட்டு, முடிவில் ஃப்ளாட்டன் இமேஜ் கொடுத்து லேயர்களை ஒன்றாக்கிப் பிஎன்ஜியாகச் சேமியுங்கள்.

இனி என்னைக் கவிழ்த்த இடத்துக்கு வருகிறேன். மேஜிக் டிஎக்ஸ்டியில் பழைய படத்தை நீக்கிவிட்டு, நான் தீட்டிய பிஎன்ஜியைப் புதிதாகச் சேர்த்துச் சேமித்தேன். விளையாட்டைத் திறந்தால், தலைமுதல் கால்வரை சுண்ணாம்பு அடித்ததைப் போல வெள்ளை வெளேரென்று ஒரு காவலர் என்னைத் துரத்திக்கொண்டு வந்தார். கண்ணில்லை, வாயில்லை, தொப்பியும் வெள்ளை. கிராபிக்ஸ் கார்டில் கோளாறு என்று டிரைவரைப் புதுப்பித்தேன். அதுவும் பலிக்காமல் விளையாட்டையே நீக்கி மறுபடி நிறுவினேன். உண்மையில் நடந்தது இதுதான்: டிஎஃப்எஃப் உருவத்துக்குள் தனக்கு வேண்டிய படத்தின் பெயர் எழுதப்பட்டிருக்கிறது. புதிதாகச் சேர்த்த படமோ என் பிஎன்ஜி கோப்பின் பெயரையே தன் பெயராக எடுத்துக்கொண்டது. உருவம் தேடிய பெயர் கிடைக்கவில்லை, வெறும் உடம்போடு வந்து நின்றது. ஆகவே நீக்கிச் சேர்க்காதீர்கள். பழைய படத்தைத் தேர்ந்தெடுத்து ரீப்ளேஸ் கொடுங்கள், சேமிப்பதற்கு முன் தாளில் குறித்த பெயரோடு எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள்.

ரீப்ளேஸ் செய்யும்போது சுருக்க முறையும் கேட்கப்படும். அதன் பெயரைத் தமிழில் எழுதினால் அதுவும் டிஎக்ஸ்டி என்றே வந்து தொலைக்கிறது. ஆங்கிலத்தில் முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் இடம் மாறிய வேறு சொல் அது: கோப்பு TXD, சுருக்க முறை DXT. ஒளிபுகும் பகுதி இல்லாத படத்துக்கு அதில் எண் 1 போதும். இம்முறை நான்குக்கு நான்கு புள்ளிகள் கொண்ட ஒவ்வொரு கட்டத்தையும் 8 பைட்டுக்குள் அடக்குகிறது, கட்டத்துக்கு நான்கு நிறங்கள்தான் மிஞ்சும். அதனால் சின்னத்தில் பொடியாக எழுதிய எழுத்துகள் குதறிப்போகும். சுருக்கிய படத்தையே எடுத்துத் திருத்தி மறுபடி சுருக்கினால் இன்னும் மோசமாகும். எப்போதும் கிம்ப் கோப்பிலிருந்தே தொடங்குங்கள்.

மாட் லோடருக்கு ஓர் ஏஎஸ்ஐ லோடர் (கூடுதல் நிரல்களை விளையாட்டுக்குள் ஏற்றும் சிறு கோப்பு) தேவை. அதை முதலில் போட்டுவிடுங்கள். பிறகு மாட்லோடர் கோப்புறைக்குள் ஆங்கில எழுத்தில் பெயரிட்ட ஒரு கோப்புறை உருவாக்கி, எல்ஏபிடி1 டிஎக்ஸ்டியை அதில் போட்டால் போதும், மூலக் கோப்பைத் தொடவே தேவையில்லை. பெர்ஷிங் சதுக்கக் காவல் நிலையத்துக்குள் போனால் துப்பாக்கிச் சூடு இல்லாமல் நிதானமாகப் பார்க்கலாம்.

பிற்சேர்க்கை: செய்து பார்த்த ஒருவர், சான் ஃபியெரோ போனதும் சீருடை பழைய நிறத்துக்குத் திரும்பிவிட்டதாக எழுதினார். கோளாறு இல்லை, அந்நகரக் காவலர் எஸ்எஃப்பிடி1, லாஸ் வென்சுராஸில் எல்விபிடி1, மோட்டார் சைக்கிள் காவலர் எல்ஏபிடிஎம்1. ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் தீட்ட வேண்டும்.

இன்னொருவருக்குக் கட்டடங்கள் வந்து வந்து மறைந்தன. அவர் படத்தை 1024க்கு 1024 ஆகப் பெரிதாக்கிச் சுருக்காமலே ஏற்றியிருந்தார்: ஒரு படத்துக்கு 4 எம்பி, அதனால் கட்டடங்களுக்கு நினைவகத்தில் இடம் போதவில்லை. சுருக்கினால் அதுவே 512 கேபி. மங்கலான மூலத்தை இழுத்துப் பெரிதாக்குவதால் புது நுணுக்கம் எதுவும் பிறப்பதில்லை என்பதால், நான் 512ஐத் தாண்டுவதே இல்லை. அகலமும் உயரமும் 256, 512 என்று இரண்டின் அடுக்குகளாகவே இருக்கட்டும்.